சத்தம் வராமல் சாத்திய கதவு

நாகவல்லி கதவைச் சாத்தினால் பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காது. தாழ்ப்பாளைப் பிடித்துக் கொஞ்சம் தூக்கி, அடியில் கால் கட்டைவிரலால் அணைகொடுத்து, மெல்ல மெல்லக் கொண்டுபோய் நிலையோடு சேர்ப்பாள். காரைக்குடியில் அவள் வாடகைக்கு இருந்த பின்கட்டு அறையின் கதவு பழைய மரக்கதவு. சும்மா விட்டாலே தெருவைக் கூட்டும். நான்கு வருடத்தில் அந்தக் கதவு ஒரு தடவைகூட அவள் கையால் சத்தம் போட்டதில்லை.

கதவு மட்டுமா? சிரிப்பு வந்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள். ரேடியோவைத் தன் காதுக்கு மட்டும் எட்டும்படி வைப்பாள். குழாயடியில் எவளாவது அவள் குடத்தைத் தள்ளிவிட்டுத் தன் குடத்தை முன்னால் வைத்தாலும் வாயைத் திறக்க மாட்டாள். நாகவல்லி மாதிரி அமைதியான பொம்பளையைப் பார்க்க முடியாது என்று அந்தத் தெருவே சொன்னது. அமைதியாவது மண்ணாவது! அது முழுக்க முழுக்கப் பயம். மற்றவர்கள் கத்தினால் அதற்குப் பெயர் கோபம், அவள் கத்தினால் அதற்குப் பெயர் வியாதி. பட்டுப் பட்டுத்தான் அவள் இதைத் தெரிந்துகொண்டாள்.

தேவகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவளுக்கு. கட்டிக்கொடுத்த இடத்தில் பிறந்த பிள்ளை தங்கவில்லை. அதற்குப் பிறகு தூக்கம் போனது, காதில் யார் யாரோ பேச ஆரம்பித்தார்கள், ஒருநாள் கண்மாய்க் கரையில் தனக்குத்தானே பேசிக்கொண்டு நின்றவளை ஊர்க்காரர்கள் பிடித்துக்கொண்டு வந்தார்கள். புருஷன் வீட்டார் வேப்பிலையால் அடித்துப் பார்த்துவிட்டு, அது பலிக்கவில்லை என்றதும் அவளை அண்ணன் வீரணன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது வீரணன்தான். மாத்திரை கேட்டது. காதில் பேசியவர்கள் அடங்கினார்கள். தூக்கம் வந்தது. அவள் பழையபடி ஆனாள்.

ஆனாலும் வீட்டில் அவள் மனுஷியாகவில்லை. குழம்பில் உப்புக் கூடிப்போச்சு என்று சொன்னால்கூட, "இன்னைக்கு மாத்திர போட்டியா?" என்பாள் அண்ணன் பெண்டாட்டி. என் சேலையை ஏன் எடுத்தாய் என்று கேட்டாலும் அதே கேள்விதான். உப்பு கூடியிருந்தது, சேலை காணாமல் போயிருந்தது, இரண்டும் நிஜம். ஆனால் அந்த ஒரு கேள்விக்குப் பிறகு எதுவும் நிஜமில்லை என்று ஆகிவிடும். அதைத் தாங்க முடியாமல்தான் அவள் காரைக்குடிக்கு வந்தாள். முதலில் பிடித்த வாடகை வீட்டில் இருந்தபோது அம்மா செத்த செய்தி வந்து, எல்லாரையும் போல வாய்விட்டு அழுதாள். ஆறுதல் சொல்ல வந்த அண்ணன் பெண்டாட்டி, வீட்டுக்காரியிடம் போய், பாத்துக்கங்க, இவளுக்கு முன்னாடி ஒரு மாதிரி இருந்துச்சு என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனாள். அந்த மாதமே வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். பெற்ற தாய்க்கு அழக்கூட ஒருத்திக்கு உரிமை இல்லை என்றால் அந்த வீடு எரிந்து போகட்டும் என்று நமக்குத் தோன்றும். நாகவல்லிக்கு அது தோன்றவில்லை. இனி சத்தமே வரக்கூடாது என்றுதான் தோன்றியது.

காரைக்குடியின் கல்லுக்கட்டிக் கடைத்தெருவில் தேனப்பன் எஸ்டிடி பூத் வைத்திருந்தார். நாகவல்லிக்கு வேலை அங்கே. கண்ணாடிக் கூண்டுக்குள் போன், வெளியே ஒரு மேசை, மூலையில் ஜெராக்ஸ் மிஷின். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பேச வருகிறவர்கள் சுகத்தையும் துக்கத்தையும் அந்தக் கூண்டுக்குள் கொட்டிவிட்டுப் போவார்கள். என்னதான் கண்ணாடியால் அடைத்த கூண்டு என்றாலும் வெளியே கேட்கும். கேட்டது எதுவும் அவள் வாயிலிருந்து வெளியே போனதில்லை. தேனப்பன் அவளை வேலைக்கு வைத்திருந்ததே அதற்காகத்தான்.

சிகப்பி ஆச்சி அந்தப் பூத்துக்கு வந்ததும் அதற்காகத்தான். ஆச்சியின் பெரிய வீட்டில் போன் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் எப்போதும் ஒரு பங்காளி வீட்டுக் காது இருக்கும். அதனால் வெள்ளிக்கிழமை மத்தியானம், தெரு உறங்குகிற நேரத்தில், ஆச்சி நடந்தே பூத்துக்கு வருவார். அவ்வளவு நீள நம்பரை அழுத்த ஆச்சிக்குத் தெரியாது. நாகவல்லிதான் கூண்டுக்குள் போய் அழுத்தி, லைன் கிடைத்ததும் ரிசீவரைக் கையில் கொடுப்பாள். போன் போவது கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு இல்லத்துக்கு. பேசுவது உமையாள், ஆச்சியின் மகள். ஆச்சி வந்து வாங்குவதற்குள் உமையாள் இவளிடம் ரெண்டு வார்த்தை பேசிவிடுவாள். "நல்லாருக்கீகளாக்கா? இங்க மழைக்கா" என்று அவ்வளவுதான் இருக்கும். உமையாள் சென்னையில் சித்தப்பா வீட்டிலிருந்து படிக்கிறாள் என்பது ஊருக்குச் சொன்ன கதை. அந்த இல்லம் எதற்கான இல்லம் என்று நாகவல்லிக்குச் சொல்லாமலே தெரியும். ஆச்சியிடம்கூட அவள் அதைக் காட்டிக்கொண்டதில்லை.

"வாய் தொறக்காதவளா இருக்கியே" என்று ஒருநாள் ஆச்சி சொன்னார். "எங்க வீட்டுப் பின்கட்டுல ஒரு ரூம்பு சும்மாத்தான் கெடக்கு. வந்து இருந்துக்கிறியா?"

அப்படி வந்ததுதான் அந்த அறை. அதற்கு முன்னால் எந்த வீடும் அவளுக்குப் பிடித்து அமைந்ததில்லை. தெரு முழுக்க ஓடுகிற வீட்டில் அவள் அறை ஆகக் கடைசி. முற்றத்து வெளிச்சம் காலையில் நேராக உள்ளே விழும். ஜன்னல் மாடத்தில் ஒரு சாமி படம், ஒரு சீப்பு, மாத்திரை அட்டை. தன் சாவியால் தன் கதவைத் திறந்து உள்ளே போவதில் இருக்கிற நிம்மதியை அவள் அங்கேதான் கண்டாள். அந்த நிம்மதிதான் மாத்திரையைவிடத் தனக்குக் கேட்கிறது என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

அந்த மாதிரி வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வீட்டுப் பங்காளிகளில் யாருக்காவது கல்யாணம் என்றால், வெளியூர்களில் இருக்கிற சனமெல்லாம் அங்கே வந்து இறங்கும். அடுப்புக்கூட்டிச் சமைப்பது பின்கட்டில். அந்த நாட்களுக்குக் குடியிருப்பவர்கள் அறையை ஒழித்துச் சாவியைக் கொடுத்துவிட்டுத் தங்கள் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட வேண்டும். சாமான்கள் அங்கேயே ஒரு மூலையில் கிடக்கும். கல்யாணச் சனம் போனதும் திரும்ப வந்து சாவியை வாங்கிக்கொள்ளலாம். யாரும் மறுத்ததில்லை, யாரும் ஏமாற்றியதும் இல்லை. நாகவல்லியே ஏற்கெனவே அப்படி ஒழித்துக் கொடுத்திருக்கிறாள். திரும்பி வந்தபோது அவள் சாமானின் மேல் பலகாரப் பொட்டலம்கூட வைத்திருந்தார்கள்.

தொண்ணூற்றாறில் ஆச்சியின் மகனுக்குக் கல்யாணம் முடிவானது. வெள்ளையடிப்பதற்காக ஆச்சி கட்டுக் கட்டாகச் சுற்றிப் பார்த்துக்கொண்டு பின்கட்டுக்கும் வந்தார். அறையில் சுவரைப் பார்த்தார், கூரை ஓடுகளைப் பார்த்தார், பிறகு ஜன்னல் மாடத்தைப் பார்த்தார். மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பினார்.

"தலவலிக்கு, ஆச்சி" என்றாள் நாகவல்லி. எப்போதும் சொல்லிப் பழகிய பொய்.

ஆச்சிக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. இருந்தாலும் அந்த அட்டையை விரலால் தடவினார். "ராத்திரிக்குத்தான? வாய் உலந்துபோகும், தண்ணி நெறயாக் குடி" என்று சொல்லிவிட்டுப் போனார். எவ்வளவு பரிவு என்று நாகவல்லி நெகிழ்ந்துபோனாள். பாவிமகள், அந்த ராத்திரி கண்ணில் தண்ணீரோடு தூங்கினாள்.

கல்யாணத்துக்கு வழக்கம்போல் சாவியை வீட்டைப் பார்த்துக்கொள்ளும் முத்துக்கருப்பனிடம் கொடுத்துவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். சனமெல்லாம் கிளம்பியிருக்கும் என்று கணக்குப் போட்டுத் திரும்பி வந்தாள். கதவில் வேறு பூட்டு தொங்கியது. அவளுடைய ஸ்டவ், ட்ரங்குப் பெட்டி, பாய், சாமி படம் எல்லாம் கொல்லைப்புறத்து மாட்டுக்கொட்டகையில் கிடந்தன. படத்துக் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது.

"என்னண்ணே இது?" என்று முத்துக்கருப்பனைக் கேட்டாள்.

அவன் கல்யாணப் பந்தலின் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். முகத்தைப் பார்க்கவில்லை. "வேற எடம் பாத்துக்கம்மா. நீ மாத்திர சாப்புடுறவன்னு மொதல்லயே சொல்லியிருக்கணும்ல?"

"யாரு சொன்னா?"

"பொண்ணு வீட்டுக்காரவுக காதுல யாரோ போட்டு வச்சுருக்காக, இந்த வீட்ல ஒரு புத்தி சரியில்லாத பொண்ணு இருக்குன்னு. கல்யாணத்துக்கு முந்தி கேட்டாக. நம்ம ஆச்சி மொகத்துக்கு நேரா உள்ளதச் சொல்லிட்டாக. அது எங்க புள்ள இல்ல, பின்கட்டுல குடியிருக்கிறவ, கல்யாணத்தோட காலி பண்ணிர்றோம்னு."

நாகவல்லிக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. வாசிக்கத் தெரியாத ஆச்சிக்கு அட்டை எப்படித் தெரிந்தது, வாய் உலந்துபோகும் என்பது எப்படித் தெரிந்தது என்று விளங்கியது. தன் கையால் அதே மாத்திரையைப் பிரித்துப் பிரித்து மகளுக்குக் கொடுத்த கை அது. அந்தப் பெண்ணை மறைக்க இந்தப் பெண்ணைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

கத்தியிருக்க வேண்டும். பந்தலைப் பிய்த்து எறிந்திருந்தாலும் தப்பில்லை. முகப்பில் புது மருமகள் வீட்டார் இன்னும் சிலர் இருந்தார்கள். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அந்தக் கல்யாண வீடு கலங்கிப் போயிருக்கும். ஆனால் கத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பார்த்தீர்களா, சொன்னோமே என்பார்கள். தவிர, அந்த வாக்கியத்துக்குள் போனில் மழை பெய்கிறது என்று சொல்கிற ஒரு பெண் இருந்தாள். நாகவல்லி கொட்டகைக்குத் திரும்பினாள். படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

தேனப்பன் பூத்துக்குப் பின்னால், பேப்பர்க் கட்டுகளுக்கு நடுவே படுத்துக்கொள்ள இடம் கொடுத்தார். "நாலு நாளைக்கு இருந்துக்க. அதுக்கு மேல ஊரு தப்பாப் பேசும்" என்றார். வக்கீல் மரிய ஆனந்த் ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர். அவரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் துள்ளி எழுந்தார்.

"கோர்ட்டு உத்தரவு இல்லாம வாடகைக்கு இருக்கவுகள வெளியேத்தவே முடியாது. அவுக எவ்வளவு பெரிய வீட்டுக்காரவுகளா இருந்தா என்ன? பூட்டை மாத்துனது சட்டத்துக்கு விரோதம். நாளைக்கே பெட்டிசன் போட்ருவோம். என்ன காரணம் சொல்றாக?"

காரணத்தைச் சொன்னாள். வக்கீல் மெல்ல உட்கார்ந்தார். அவர் குரலே மாறிவிட்டது, சின்னப் பிள்ளையிடம் பேசுவதுபோல. "ஒங்க அண்ணன் யாரும் இருந்தா கூட்டிட்டு வாம்மா, பேசுவோம்."

சட்டம் தெரிந்த மனுஷன்! ஒரு நிமிஷம் முன்னால்வரை அவள் வாடகைதாரர். மாத்திரை என்றதும் அவள் அண்ணனின் பொறுப்பாகிவிட்டாள். அவள் நன்றி சொல்லவில்லை. ஜெராக்ஸ் காகிதங்களை அவர் முன்னால் தள்ளினாள்.

வீடு தேடினாள். செய்தி அவளுக்கு முந்தி போய்க்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் போன வாரம்தான் ஆள் வந்துவிட்டது என்றார்கள், வாசலில் வாடகைக்கு என்ற அட்டை ஆடிக்கொண்டே இருந்தது. பள்ளத்தூரில் ஒரு அம்மா உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்து, "எனக்கு ஒண்ணுமில்லத்தா, பக்கத்து வீட்ல சின்னப் புள்ளைக இருக்கு" என்றாள். எல்லாரும் நல்லவர்கள். எல்லாருக்கும் பக்கத்து வீடுதான் பிரச்சினை. அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று ஊர் ஊராகத் தேடினாலும் கிடைக்க மாட்டார். பேப்பர்க் கட்டுகளுக்கு நடுவே அவளுக்குத் தூக்கம் குறைந்துகொண்டு வந்தது. தூக்கம் போனால் அடுத்து என்ன வரும் என்பது அவளுக்குத் தெரியும். வீட்டை எடுத்துக்கொண்டவர்கள் அவளுடைய புத்தியையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. மத்தியானம் சிகப்பி ஆச்சி பூத் படியேறினார். நாகவல்லியைப் பார்த்ததும் ஒரு கால் படியிலேயே நின்றது.

"நீ ஊருக்குப் போகலயா?"

"எந்த ஊருக்கு, ஆச்சி?"

ஆச்சி சுற்றுமுற்றும் பார்த்தார். ஜெராக்ஸ் மிஷினருகில் ரெண்டு பேர் நின்றார்கள். "எம்மேல ஒனக்குக் கோவமா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"ஆமா, ஆச்சி. கோவந்தேன். வியாதி இல்ல, கோவம்." குரல் உயர்ந்தது. நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாகவல்லி குரலைத் தாழ்த்தவில்லை. "ஒழிச்சுக் குடுன்னீக, குடுத்தேன். திரும்பி வருவேன்னு நம்பித்தான சாவியக் குடுத்தேன்? கல்யாணத்துக்கு வீட்டக் குடுத்தவளை இந்த ஊர்ல இதுக்கு முந்தி யாராச்சும் தெருவுல விட்ருக்காகளா?"

"மெதுவாப் பேசு..."

"நாலு வருசமா மெதுவாத்தேன் பேசுனேன்!"

ஆச்சி தானே கூண்டுக்குள் போய்விட்டார். நாகவல்லியும் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே இருவர் குரலும் தானாகத் தணிந்தது.

"நாலு பங்காளி வீடு அது. நான் ஒருத்தி என்ன செய்ய முடியும்?" ஆச்சியின் கண் கலங்கியது. "எம் மகளை நெனச்சுப் பாரு. அவ விசயம் தெரிஞ்சா அவ அண்ணன் கல்யாணமே நின்னுருக்கும்."

"சொன்னது நீங்க ஒருத்திதான? ஒங்க மக விசயம் நாலு வருசத்துக்கு மேலா என் வாயில இருக்கு, ஆச்சி. ஒரு வார்த்த வெளிய போயிருக்கா? எம் மாத்திரைய ஒரு தடவ பாத்தீக. அன்னைக்கே என்னயத் தூக்கிக் குடுத்துட்டீக."

நம்பரை அழுத்த மாட்டேன் என்று சொல்லத்தான் அவள் வாரம் முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். ஆனால் அந்தப் பக்கம் காத்திருப்பது ஆச்சி இல்லையே. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். மணி அடித்ததுமே எடுத்துவிட்டார்கள்.

"நாகவல்லி அக்காவா?" உமையாள் மூச்சிரைக்கப் பேசினாள். "அண்ணன் கல்யாணம் முடிஞ்சுருச்சாம்ல? முடிஞ்சதும் கூப்புட்டுக்கிறேன்னு ஆத்தா சொன்னாக. நான் பெட்டி கட்டி வச்சுட்டேன்கா. வீட்ல எனக்கு எங்க எடம்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். யாரு கண்ணுலயும் படாம இருந்துக்கிறேன். பின்கட்டுல ஒரு சின்ன ரூம்பு போதும். இருக்கான்னு ஆத்தாட்டக் கேளுங்களேன்."

நாகவல்லி ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஆச்சியைப் பார்த்தாள்.

"பின்கட்டுல ரூம்பு இருக்கான்னு ஒங்க மக கேக்குறாக. சத்தம் போடாம இருந்துக்கிறாகளாம். என்னய மாதிரியே. பதிலை நீங்களே சொல்லுங்க."

ரிசீவரைக் கையில் திணித்துவிட்டு வெளியே வந்தாள். கூண்டுக் கதவை எப்போதும்போல் காற்றுப் புகாமல் சாத்தினாள். ஆச்சி ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் முத்துக்கருப்பன் வந்து மேசையில் சாவியைப் போட்டான். "ஆச்சி குடுக்கச் சொன்னாக. சாமானெல்லாம் உள்ள எடுத்து வச்சாச்சு. பங்காளிகட்ட அவுகளே பேசிக்கிருவாகளாம். ஆனா சத்தம் கித்தம் வராமப் பாத்துக்கம்மா. ஏற்கெனவே பேரு கெட்டுப்போச்சு."

"பேரு கெட்டது எனக்கு, அண்ணே" என்றாள் நாகவல்லி. "இன்னொண்ணையும் போய்ச் சொல்லிருங்க. இனி சாவி எங்கிட்டதான் இருக்கும், எந்தக் கல்யாணமா இருந்தாலும். காலி பண்ணணும்னா கோர்ட்டுல உத்தரவு வாங்கிட்டு வரச் சொல்லுங்க."

சாயங்காலம் போனாள். இரண்டாம் கட்டுத் தாழ்வாரத்தில் ஆச்சி தனியாக உட்கார்ந்திருந்தார். நாகவல்லி பேசாமல் தாண்டிப் போயிருக்கலாம். முடியவில்லை.

"உமையாள் எப்ப வாராக?"

ஆச்சி புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார். "பாப்போம். மருமக இப்பத்தான வந்துருக்கு. கொஞ்ச நாள் போகட்டும். அவளுக்கு அங்கேயே பழகிப்போச்சு..."

பெட்டி கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்குப் பழகிப்போச்சாம்! தெரு முழுக்க ஓடுகிற வீடு. எண்ணினால் எண்ணி முடியாத அறைகள். பூட்டுத் துருப்பிடிக்கப் பூட்டியே கிடக்கின்றன. பெற்ற மகளுக்கு அதில் ஒன்று இல்லை.

நாகவல்லி விறுவிறுவென்று பின்கட்டுக்கு நடந்தாள். தன் சாவியால் தன் கதவைத் திறந்தாள். உள்ளே போய், தாழ்ப்பாளைத் தூக்கிப் பிடிக்காமல், காலால் அணைகொடுக்காமல், இருக்கிற பலம் முழுவதையும் கையில் வைத்து அந்தக் கதவை அறைந்து சாத்தினாள். முற்றத்துப் புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. மேல்மாடியில் யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

முத்துக்கருப்பன் ஓடிவந்து கதவைத் தட்டினான். "என்னம்மா? என்ன ஆச்சு? மாத்திர கீத்திர போடலயா?"

"போட்டேன்" என்று உள்ளேயிருந்து வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள் நாகவல்லி. "மாத்திரை போட்டேன். கோவமாவும் இருக்கேன். ரெண்டையும் போய்ச் சொல்லுங்க."